சோடியத்தை எடுத்துவிட்டுக் கால்சியத்தைத் தேடியவனின் அனுபவம்

ரத்தக்குழாயின் மென்தசையில் சோடியம் எப்படிக் கால்சியத்தை ஆட்டிவைக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் பார்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதுகலை, முனைவர் பட்டம் என்று இப்போது நம் பிள்ளைகள் நிறையப் பேர் உடலியங்கியலுக்கும் மருந்தியலுக்கும் வருகிறார்கள். அவர்களில் ஒருவராவது நான் பினாங்கில் பட்ட பாட்டைப் படாமல் இருக்கட்டும். இரண்டு வருடத்தில் முடிந்திருக்க வேண்டிய முதுகலை ஆய்வு மூன்றைத் தாண்டியது. உதவித்தொகை நின்ற பிறகு பருவக் கட்டணத்தைக் கையிலிருந்து கட்டினேன். என் சேமிப்பில் பல ஆயிரம் மலேசிய வெள்ளி கரைந்தது. இத்தனைக்கும் நான் கேட்ட கேள்வி ஒரே வரிதான்: வெளியே இருக்கும் சோடியத்தைக் குறைத்தால் தசைக்குள் கால்சியம் ஏறுமா?

துறைக்குப் புதியவர்களுக்கு முதலில் பின்னணி. ரத்தக்குழாய், குடல், சிறுநீர்ப்பை, மூச்சுக்குழாய் இவற்றின் சுவரில் இருப்பது மென்தசை. நாம் நினைத்து இயக்க முடியாத தசை. அது சுருங்க வேண்டுமானால் செல்லுக்குள் கால்சியம் ஏற வேண்டும். ஏறிய கால்சியம் கால்மோடுலினோடு சேர்ந்து மயோசினுக்குப் பாஸ்பேட் ஏற்றும் நொதியை முடுக்கும், தசை சுருங்கும். ஓய்வில் இருக்கும் செல்லுக்குள் கட்டற்ற கால்சியம் ஏறக்குறைய 100 நானோமோலார்தான். வெளியிலோ ஒரு மில்லிமோலாருக்கும் மேல். பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். இந்த ஏற்றத்தாழ்வைக் காப்பாற்ற கால்சியத்தை ஓயாமல் வெளியே தள்ளியாக வேண்டும். அந்த வேலையைச் செய்பவற்றில் ஒன்று சோடியம்-கால்சியம் பரிமாற்றி. மூன்று சோடியத்தை உள்ளே விட்டு ஒரு கால்சியத்தை வெளியே தள்ளும். சோடியம் வெளியே 145 மில்லிமோலார், உள்ளே சுமார் 10. மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீர் சக்கரத்தைச் சுற்றுவது போல, உள்ளே இறங்கும் சோடியம்தான் கால்சியத்தை வெளியே தள்ளும் விசையைத் தருகிறது. அந்த மேட்டை உண்டாக்கி வைத்திருப்பது சோடியம்-பொட்டாசியம் பம்பு. 1957இல் யென்ஸ் ஸ்கோ நண்டின் நரம்பில் கண்டறிந்தாரே, அதே பம்பு. அதற்காக அவருக்கு 1997இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இதில் என்னை இழுத்த விஷயம் ஒன்று உண்டு. மென்தசையில் இந்தப் பரிமாற்றி கிட்டத்தட்டச் சமநிலைக்கு அருகிலேயே நிற்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்ளே சோடியம் 10 என்று வைத்தால், அது திசை திரும்பும் மின்னழுத்தம் மைனஸ் 37 மில்லிவோல்ட்டுக்குப் பக்கத்தில் வரும். 12 என்று வைத்தால் மைனஸ் 50க்குப் போய்விடும். ரத்தக்குழாய் மென்தசையின் மின்னழுத்தமும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அதாவது உள்ளே சோடியம் இரண்டே மில்லிமோலார் ஏறினாலும், கால்சியத்தை வெளியே தள்ளிக்கொண்டிருந்த அதே புரதம் கால்சியத்தை உள்ளே கொண்டுவரத் தொடங்கலாம். இதை வைத்துத்தான் மார்டிகாய் பிளாஸ்டீன் 1977இல், உப்புக்கும் உயர் ரத்த அழுத்தத்துக்கும் நடுவே இருக்கும் கண்ணி இதுவாக இருக்கலாம் என்று ஒரு கருதுகோளை வைத்தார். 2004இல் ஜப்பானில் இவாமோட்டோ குழுவினர் எலிகளில் இந்தப் பரிமாற்றியைக் குறைத்தும், மென்தசையில் மட்டும் அதைக் கூட்டியும் பார்த்து, உப்பினால் ஏறும் ரத்த அழுத்தத்தில் அதற்குப் பங்கு உண்டு என்று காட்டினார்கள். அம்மா பல வருடமாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மென்தசைக்குள் கால்சியம் நுழையும் வாசலை அடைக்கும் அம்லோடிபின் என்ற மாத்திரை அது. அந்தக் கட்டுரைகளைப் படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. இதுதான் என் தலைப்பு என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஆனால் நான் சேர்ந்த சில மாதங்களிலேயே என் மேற்பார்வையாளர் வேறு இடத்துக்குப் போய்விட்டார். புதிதாகப் பொறுப்பேற்றவருக்கு மூலிகைச் சாறுதான் துறை. நல்ல மனிதர், கையெழுத்துப் போடுவார், கருவியைப் பயன்படுத்த விடுவார். அயனிகளைப் பற்றிக் கேட்டால் “கட்டுரைகளைப் படிங்க” என்பார். படித்தேன். கரைசலில் சோடியத்தை எடுத்தால் அந்த இடத்தை வேறொரு பொருளால் நிரப்ப வேண்டும். கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் “சோடியத்துக்குப் பதில் சம அளவு கோலின்” என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குள் எத்தனை குழிகள் ஒளிந்திருக்கின்றன என்பதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

செய்முறை இதுதான். எலியின் பெருந்தமனியை எடுத்து, சுற்றியுள்ள கொழுப்பையும் இணைப்புத்திசுவையும் சுத்தம் செய்து, மூன்று நான்கு மில்லிமீட்டர் வளையங்களாக வெட்ட வேண்டும். வளையத்தின் துளைக்குள் இரண்டு மெல்லிய எஃகுக் கொக்கிகளை நுழைக்க வேண்டும். கீழ்க்கொக்கி அசையாது; மேல்கொக்கி நூலால் விசை அளக்கும் கருவியோடு கட்டப்பட்டிருக்கும். 37 டிகிரி வெப்பத்தில், 95 சதவீதம் ஆக்சிஜனும் 5 சதவீதம் கரியமில வாயுவும் குமிழ்விடும் கிரெப்ஸ் கரைசலில் (உடல் திரவத்தை ஒத்த உப்புக் கரைசல்) அது தொங்கும். இந்த அமைப்பைத்தான் ஆர்கன் பாத் என்பார்கள். ஒரு கிராம் அளவுக்கு இழுத்துவைத்து, கால்மணிக்கு ஒருமுறை கரைசலை மாற்றிக்கொண்டே ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். கொக்கி நுழையும்போது உட்படலத்தில் (குழாயின் உட்பக்கத்தைப் போர்த்திய மெல்லிய செல் அடுக்கு) உரசாமல் கை நிற்க வேண்டும். ஒரு வளையம் ஈரமான சேமியாத் துண்டு மாதிரி வழுக்கும். கை நடுங்கினால் அந்த வளையம் போச்சு. ஒரு எலியின் உயிர் போயிருக்கிறது என்ற எண்ணம் எனக்கு ஒவ்வொரு முறையும் இருந்தது. வீணாகும் ஒவ்வொரு நாளும் மனதை அறுத்ததற்குக் காசு மட்டும் காரணமில்லை.

முதல் குழி கரைசலிலேயே இருந்தது. கிரெப்ஸ் கரைசலில் சோடியம் குளோரைடு 118 மில்லிமோலார், சோடியம் பைகார்பனேட் 25. மொத்தம் 143. உப்பை மட்டும் எடுத்துவிட்டுக் கோலின் குளோரைடு போட்டால் அது “சோடியம் இல்லாத” கரைசல் ஆகாது. பைகார்பனேட்டின் 25 அங்கேயே இருக்கும். பரிமாற்றி ஓரளவு ஓட அதுவே போதும். உண்மையிலேயே பூஜ்யம் வேண்டுமென்றால் கோலின் பைகார்பனேட் வாங்க வேண்டும். அல்லது பைகார்பனேட்டை விட்டுவிட்டு ஹெப்பிஸ் போன்ற தாங்கல் கரைசலுக்கு மாறி, வெறும் ஆக்சிஜனைக் குமிழ்விட வேண்டும். அப்படி மாறினால் ஒப்பீட்டுக்கான சாதாரணக் கரைசலையும் ஹெப்பிஸிலேயே வையுங்கள். பி.எச். சரிசெய்யக் கை பழக்கத்தில் சோடியம் ஹைட்ராக்சைடு பாட்டிலுக்குத்தான் போகும். அங்கே டிரிஸ் அல்லது நீங்கள் மாற்றாகப் போடும் பொருளின் காரவடிவம்தான் போக வேண்டும். கால்சியத்தைப் பிடிக்கும் ஈ.ஜி.டி.ஏ.வும் பல நேரம் சோடியம் உப்பாகவோ சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்தோ இருக்கும். பாட்டில் லேபிளைப் படியுங்கள்.

அடுத்தது நம்ம ஊர் காற்று. கோலின் குளோரைடு ஈரத்தை அப்படியே உறிஞ்சும். பினாங்கில் மழைக்காலத்தில் பாட்டிலைத் திறந்து, தராசில் தட்டை வைத்து நிமிர்வதற்குள் பொடி கசிந்து பசையாகிவிடும். நீங்கள் நிறுப்பதில் பாதி தண்ணீர். கரைசலின் சவ்வூடுபரவல் அழுத்தம் குறையும், செல் வீங்கும், வீங்கிய செல் தன் பாட்டுக்கு எதையாவது செய்யும். சிலிக்கா ஜெல் போட்ட டெசிக்கேட்டரில் வையுங்கள், சின்னச் சின்ன பாட்டிலாக வாங்குங்கள், கரைசல் செய்த அன்றே ஆஸ்மோமீட்டரில் ஒருமுறை பாருங்கள். கால்சியம் குளோரைடுக்கும் இதே நோய் உண்டு. அதை ஒரு மோலார் கரைசலாகவே வாங்கிக்கொள்வது நல்லது. அதையும் கடைசியில், குமிழ்விட்டு பி.எச். இறங்கிய பிறகுதான் ஊற்ற வேண்டும். முன்னாலேயே ஊற்றினால் கரைசல் பால் மாதிரிக் கலங்கும்.

இவ்வளவையும் சரிசெய்து, கோலின் கரைசலை மாற்றிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விசையைக் காட்டும் கோடு ஏற வேண்டும். இறங்கியது. ஃபினைலெஃப்ரின் கொடுத்துச் சுருங்கவைத்திருந்த வளையம் தளர்ந்தது. அடுத்த எலியிலும் தளர்ந்தது. அதற்கடுத்ததிலும் அப்படியே. கேள்வியே தவறோ, பிளாஸ்டீனே தவறோ என்றெல்லாம் மனம் அலைந்தது. பக்கத்து ஆய்வுக்கூடத்தில் மூச்சுக்குழாய் பற்றி முனைவர் ஆய்வு செய்துகொண்டிருந்த ஒரு அக்காவிடம் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, அட்ரோபின் போட்டீங்களா?” போடவில்லை. எந்தக் கட்டுரையிலும் அது என் கண்ணில் படவில்லை. “கோலின்னா அசிட்டைல்கோலினோட சொந்தக்காரன் தம்பி. நூறு மில்லிமோலாருக்கு மேல ஊத்துறீங்க. மஸ்காரினிக் ஏற்பி சும்மா இருக்குமா?” உட்படலம் இருக்கும் பெருந்தமனியில் அந்த ஏற்பி தூண்டப்பட்டால் நைட்ரிக் ஆக்சைடு வரும், தசை தளரும். அக்காவின் மூச்சுக்குழாயில் அதே கோலின் நேரடியாகச் சுருக்கும். அந்த ஏற்பியை அடைக்கும் அட்ரோபினை ஒரு மைக்ரோமோலார் போட்டதும் அந்தத் தளர்ச்சியின் பெரும்பகுதி காணாமல் போனது. அந்த மூன்று வாக்கியத்துக்காக நான் மாதக்கணக்கில் அலைந்திருக்கிறேன். சந்தோஷத்தை விடக் கோபம்தான் அதிகம் வந்தது. கோலினைத் தொடும் எவரும் அட்ரோபினோடு ஒன்று, அட்ரோபின் இல்லாமல் ஒன்று என்று இரண்டு வளையத்தையும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டுங்கள்.

“பெரும்பகுதி” என்று சொன்னேன். மிச்சம் எங்கிருந்து வந்தது? உட்படலச் செல்களிலும் இதே பரிமாற்றி இருக்கிறது. வெளியே சோடியம் குறைந்தால் அங்கேயும் கால்சியம் ஏறும். ஏறினால் நைட்ரிக் ஆக்சைடு வெளிவரும், பக்கத்துத் தசை தளரும். நீங்கள் தசையைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு இரண்டு செல்களின் இழுபறியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். தசையின் கேள்வி என்றால் உட்படலத்தை மெதுவாகத் தேய்த்து எடுத்துவிடுங்கள். பிறகு ஃபினைலெஃப்ரினில் சுருங்கவைத்து அசிட்டைல்கோலின் கொடுத்துப் பாருங்கள். தளராவிட்டால் உட்படலம் போய்விட்டது என்று அர்த்தம். இன்னொரு ஆள் நரம்பு முனை. சோடியம் குறைந்தால் ரத்தக்குழாயைச் சுற்றியுள்ள நரம்பு முனைகள் நோரட்ரினலினைக் கக்கும்; தசை சுருங்கும்; நீங்கள் “பரிமாற்றி திரும்பிவிட்டது” என்று எழுதுவீர்கள். எலியின் பெருந்தமனியில் நரம்பு குறைவு, குடல்தாங்கித் தமனியிலும் வால் தமனியிலும் நிறைய. எதுவாக இருந்தாலும், நோரட்ரினலினின் ஏற்பியை அடைக்கும் ஃபென்டோலமின் அல்லது பிராசோசின் போட்டு ஒரு வளையத்தையாவது ஓட்டியே ஆக வேண்டும்.

அந்தக் காலத்தில்தான் உதவித்தொகை நின்றது. பகலில் எலி, மாலையில் சுங்கை டுவாவில் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன், இரவில் கட்டுரை. வாரக் கடைசியில் ஃபெர்ரியில் பட்டர்வொர்த் போய் அங்கிருந்து வீட்டுக்குப் போவேன். அம்மா ஒரு வார்த்தை கேட்க மாட்டார், சித்தப்பாதான் கேட்பார், “இன்னும் எத்தனை வருஷம் எலி பிடிப்பே?” என்று. பதில் சொல்லத் தெரியாது. என்னோடு சேர்ந்தவர்கள் பட்டமளிப்பு விழாப் படங்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் வாழ்த்துச் சொல்லிவிட்டுத் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். இந்த நிலையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் துறையில் ஆள் இல்லையென்றால், உங்கள் திசுவுக்கு அடுத்த திசுவில் வேலை செய்பவரிடம் போங்கள். மூச்சுக்குழாய், குடல், கருப்பை என்று எதுவானாலும் சரி. ஆர்கன் பாத் வைத்திருக்கும் எவருக்கும் உங்கள் பிரச்சினையில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். மின்னஞ்சல் வேண்டாம், வரைகோட்டை அச்செடுத்துக்கொண்டு நேரில் போங்கள்.

கோலினை நம்ப முடியாது என்றானதும் மற்றவற்றைப் பார்த்தேன். லித்தியம் மலிவு. ஆனால் சோடியம் நுழையும் வாய்க்கால்கள் வழியே லித்தியமும் உள்ளே போகும், பம்பு அதைச் சரியாக வெளியேற்றாது, உள்ளே தங்கும். தங்கி, இனோசிட்டால் சுழற்சியில் ஒரு நொதியையும் தடுக்கும். ஃபினைலெஃப்ரின் சுருக்கமே அந்தச் சுழற்சியை நம்பித்தான் நிற்கிறது. சுக்ரோஸ் இன்னும் மலிவு. ஆனால் அதைப் போட்டால் சோடியத்தோடு குளோரைடும் போய்விடும், குளோரைடு குறைந்தாலே மென்தசையின் மின்னழுத்தம் மாறும். என்.எம்.டி.ஜி. (என்-மெத்தில்-டி-குளுக்கமின்) என்ற பொருள்தான் எனக்கு ஒத்துவந்தது. அது வாய்க்கால்களில் நுழையாத பெரிய அயனி. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் நடுநிலையாக்கினால் குளோரைடும் சமமாகிவிடும். குற்றமில்லாத மாற்று என்று ஒன்று கிடையாது. ஆகவே ஒன்றையே நம்பாதீர்கள். குறைந்தது இரண்டு வெவ்வேறு மாற்றுப் பொருளில் ஒரே முடிவு வந்தால்தான் அது சோடியம் இல்லாததன் விளைவு. ஒன்றில் மட்டும் வந்தால் அது அந்தப் பொருளின் விளைவு. இதையும் மனதில் வையுங்கள்: லித்தியத்தைத் தவிர எந்த மாற்றைப் போட்டாலும், செல்லிலிருந்து அமிலத்தை வெளியேற்றும் சோடியம்-ஹைட்ரஜன் பரிமாற்றியும் நின்றுவிடும். செல்லுக்குள் அமிலம் தேங்கும். அமிலம் சுருக்கத்தின் வலிமையையே மாற்றும்.

யாரும் கவனிக்காத ஒன்று பொட்டாசியக் கரைசல். பல ஆய்வுக்கூடங்களில் வளையம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க 80 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு கொடுப்பார்கள். அந்தக் கரைசலைப் பெரும்பாலும் சோடியத்தைக் குறைத்துத்தான் சமன்செய்திருப்பார்கள். அதாவது அதில் சோடியம் அறுபது சொச்சம்தான். சோடியத்தைப் பற்றிய ஆய்வில் உங்கள் ஒப்பீட்டுச் சுருக்கமே குறைந்த சோடியத்தில் எடுத்தது! என் ஆய்வேட்டில் இதற்குத் தனிப் பத்தி எழுதினேன்.

வெப்பநிலையையும் சொல்லிவிடுகிறேன். பரிமாற்றியும் பம்பும் வெப்பத்துக்கு மிகவும் கட்டுப்பட்டவை. காலையில் நன்றாக வந்த முடிவு மதியத்துக்கு மேல் மந்தமாகும். ஆய்வுக்கூட உதவியாளராக இருந்த மலாய்க்காரர் ஒருவர், நான் அபாங் (அண்ணன்) என்று கூப்பிடுவேன், ஒருநாள் பேசாமல் ஒரு வெப்பமானியைக் கண்ணாடிக் குழாயின் நீருறைக்குள் விடாமல் நேராக வளையம் தொங்கும் கரைசலுக்குள்ளேயே விட்டார். சுற்றோட்டக் கருவியின் திரையில் 37 இருந்தது, உள்ளே 33. நான் சேமித்து வைத்திருந்த மாற்றுக் கரைசல்கள் ஏர்கான் காற்று நேராக அடிக்கும் மேசையில் இருந்தன. அவற்றை ஊற்றும் ஒவ்வொரு முறையும் வளையத்துக்குக் குளிர் அடித்திருக்கிறது. அன்றிலிருந்து எல்லாக் கரைசலும் ஒரே வெந்நீர்த் தொட்டிக்குள். கரைசலுக்குள் வெப்பமானி எப்போதும் இருக்கும்.

பணம் அதிகம் போனது இரண்டு சிறு குப்பிகளில். ஒன்று, பரிமாற்றியைத் தடுக்கும் கே.பி-ஆர்7943. கைவிரல் நகத்தளவு பொடி, ஆயிரம் வெள்ளிக்கு மேல், வெளிநாட்டிலிருந்து வர வாரக்கணக்கில் ஆனது. மானியத்தில் பணம் முடிந்திருந்ததால் பெரும்பங்கு என் கையிலிருந்து. அது பரிமாற்றியோடு நிற்பதில்லை; கால்சியம் நுழையும் வேறு வாய்க்கால்களையும் தடுக்கிறது. அதை மட்டும் வைத்து ஒரு முடிவையும் சொல்ல முடியாது. பின்னால் வந்த எஸ்.இ.ஏ.0400 இன்னும் குறிபார்த்துத் தடுப்பது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அதை வாங்குங்கள். கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ.வை மட்டும் போட்ட ஒரு வளையத்தையும் மறக்காதீர்கள். இரண்டாவது குப்பி ஊவாபெய்ன். பம்பை நிறுத்தி, உள்ளே சோடியத்தை ஏற்ற. எலியின் ஆல்ஃபா-1 வகைப் பம்பு ஊவாபெய்னுக்கு அசராது. மனிதருக்கும் கினிப் பன்றிக்கும் போதுமான அளவு எலிக்குப் போதாது. ஆல்ஃபா-2 வகை மட்டும் குறைந்த அளவு ஊவாபெய்னிலேயே நின்றுவிடும். குறைந்த அளவு போட்டால் ஆல்ஃபா-2வைப் பார்க்கிறீர்கள், அதுவும் ஒரு நல்ல கேள்விதான். மொத்தப் பம்பையும் நிறுத்த வேண்டும் என்றால் காசே செலவாகாத வழி இருக்கிறது: பொட்டாசியமே இல்லாத கிரெப்ஸ். வெளியே பொட்டாசியம் இல்லாவிட்டால் பம்பு ஓடாது. கரைசலில் இருக்கும் பொட்டாசியம் பாஸ்பேட்டையும் சோடியம் பாஸ்பேட்டாக மாற்றுங்கள், அவ்வளவுதான். நரம்பு முனைக்கு ஃபென்டோலமின் கட்டாயம். பொட்டாசியத்தைத் திரும்பக் கொடுத்ததும் பம்பு விழித்துக்கொண்டு வளையம் தளர்வதைப் பார்க்கலாம்.

அப்படிச் சோடியம் ஏற்றிய வளையத்தில்தான் நான் தேடியதைப் பார்த்தேன். ஏற்றாத வளையத்தில் வெளிச்சோடியத்தை எடுத்தால் சுருக்கம் மெதுவாக, சிறிதாக வரும், சிலவற்றில் வரவே வராது. ஏற்றியதில் கோடு தெளிவாக மேலே போனது. உள்ளே சோடியம், வெளியே கால்சியம், பரிமாற்றி திரும்பிவிட்டது. ஆனால் ஆய்வேட்டைக் காப்பாற்றியது வேறு ஒரு சோதனை. அக்காவும் நானும் உட்கார்ந்து போட்ட திட்டம். வளையத்தை ஃபினைலெஃப்ரினில் சுருங்கவைத்து, பிறகு மருந்தும் கால்சியமும் இல்லாத, ஈ.ஜி.டி.ஏ. போட்ட கரைசலுக்கு மாற்றுவது. ஒன்றில் சோடியம் முழுதாக, இன்னொன்றில் என்.எம்.டி.ஜி. வெளியே கால்சியமே இல்லாததால் உள்ளே வர வழியில்லை. ஆகவே பார்ப்பது வெளியேற்றம் மட்டுமே. சோடியம் இல்லாத கரைசலில் தளர்ச்சி மெதுவானது. முழுக்க நிற்கவில்லை, ஏனென்றால் செல்சவ்வில் ஏ.டி.பி.யில் ஓடும் கால்சியம் பம்பும், உள்ளே கால்சியத்தைச் சேமிக்கும் சார்கோபிளாஸ்ம வலையின் பம்பும் வேலை செய்கின்றன. வலையின் பம்பை சைக்ளோபியசோனிக் அமிலத்தால் நிறுத்தியதும் வித்தியாசம் இன்னும் பெரிதானது. இரண்டு மாற்றுப் பொருளிலும் அதே. அன்றைக்கு அபாங்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்குக் கோடு புரியவில்லை, என் முகம் புரிந்தது. இருவரும் போய் ரொட்டி சானாய் சாப்பிட்டோம்.

வாய்மொழித் தேர்வில் என்னைக் கேட்ட முதல் கேள்வியையும் சொல்லிவிடுகிறேன், சொந்தக்காரர்களும் அதைத்தான் கேட்டார்கள்: “சோடியத்தைக் குறைத்தால் ரத்தக்குழாய் சுருங்குகிறதே, அப்படியானால் உப்பைக் குறைக்கக் கூடாதா?” இல்லவே இல்லை. ஆர்கன் பாத்தில் வெளிச்சோடியத்தை 143இலிருந்து பூஜ்யத்துக்குக் கொண்டுபோகிறோம். உடம்பில் ரத்தச் சோடியம் 135க்கும் 145க்கும் இடையில்தான் நிற்கும். சாப்பாட்டில் உப்பைக் குறைப்பதால் அது பாத்தில் நடப்பது போலச் சரியாது. பிளாஸ்டீன் சொன்ன வழியே வேறு: உப்பு கூடும்போது உடம்பில் ஊவாபெய்ன் போன்ற ஒரு பொருள் சுரந்து பம்பைத் தடுக்கிறது, செல்லுக்கு உள்ளே சோடியம் ஏறுகிறது, அதனால் கால்சியம் ஏறுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் நாளைக்கு 5 கிராம் உப்பு என்ற வரம்பை அம்மாவின் சமையலுக்கு இன்றும் நான்தான் கணக்குப் பார்க்கிறேன். ஆய்வேட்டிலும் இந்த வேறுபாட்டை முன்னுரையிலேயே எழுதிவிடுங்கள். தேர்வாளர் முகம் அங்கேயே தெளியும்.

காலத்தைப் பற்றி. எலிகளுக்கான நெறிமுறை அனுமதியைக் கேட்கும்போது, மாற்றுப் பொருள், அட்ரோபின், உட்படலம் நீக்கியது, கரைப்பான் என்று எல்லா ஒப்பீட்டு வளையத்தையும் எண்ணி எலிக் கணக்கைப் போடுங்கள். ஒரு பெருந்தமனியில் எத்தனை வளையம் வரும் என்று தெரிந்தால், ஒரே எலியிலேயே நான்கு ஒப்பீட்டையும் பக்கத்தில் வைத்து ஓட்டலாம். எலியும் குறையும், கணக்கும் பலமாகும். பின்னால் எண்ணிக்கையைக் கூட்டக் கேட்டால் குழு கூடும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். ரசாயனங்களுக்கு விலைப்புள்ளி கேட்பதை ஆய்வு முன்மொழிவை எழுதும் நாளிலேயே தொடங்குங்கள். என்.எம்.டி.ஜி., கோலின் பைகார்பனேட் போன்றவற்றை இங்கே கையிருப்பில் வைத்திருக்க மாட்டார்கள். குறைந்த அளவில் வாங்கக் கூட்டாளி தேடுங்கள். எனக்குத் தெரிய வந்தபோது எதிர்க்கட்டிடத்தில் நரம்புச் செல் ஆய்வு செய்பவர்களிடம் என்.எம்.டி.ஜி. ஒரு பெரிய டப்பா இருந்தது, கேட்டதும் அளந்து கொடுத்தார்கள். குடல் தசையிலோ மூச்சுக்குழாயிலோ இதே ஆய்வைச் செய்யப் போகிறவர்கள் என் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பரிமாற்றியின் பங்கு திசுவுக்குத் திசு, விலங்குக்கு விலங்கு மாறும். முதல் வாரத்திலேயே பொட்டாசியம் இல்லாத கரைசலில் ஊறவைத்து, பிறகு சோடியத்தை எடுத்துப் பாருங்கள். அப்போதும் கோடு அசையாவிட்டால், அடுத்த ரசாயனத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் திசுவை மாற்றுவதைப் பற்றி மேற்பார்வையாளரிடம் பேசுங்கள்.